குட்டிச் சாத்தான் பெட்டி

எங்கள் வீட்டு ஹாலில், மாதா படத்துக்கு நேர் கீழே, பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குட்டிச் சாத்தான் நின்றுகொண்டிருக்கிறது. கையில் முள் ஈட்டி, காலில் கான்வாஸ் ஷூ, முகத்தில் நமுட்டுச் சிரிப்பு. சாந்தோமில் மூன்று தலைமுறையாக ஞாயிறு பூசை தவறாத குடும்பத்தில் இது நடக்கலாமா என்று கேட்பீர்கள். நடந்துவிட்டது. அது ஒரு ஸ்டிக்கர். என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், தன் கையால் சேர்த்துக் கட்டிய ஒரு கறுப்புக் கணினிப் பெட்டியின் முகத்தில் ஒட்டியது.

ஈஸ்டர் முடிந்து பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்த அன்று, என் மனைவி அவசர அவசரமாகப் பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"இது என்னம்மா, பின்பக்கம் பூரா ஒயரா இருக்கு?"

"என் தம்பி செஞ்சது ஃபாதர். என் பாட்டெல்லாம் இதுலதான் பத்திரமா இருக்கு."

"அப்படியா? அப்ப ரெண்டு சொட்டு கூடவே போட்டுடுவோம்."

போட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். தண்ணீர் பட்டால் பெட்டிக்கு ஆகாது என்பது ஒரு கவலை. சாத்தான் புகைந்துவிடுமோ என்பது இன்னொன்று.

மச்சான் அந்தப் பெட்டிக்குள் போட்டிருந்தது ஃப்ரீபிஎஸ்டி என்கிற இயங்குதளம். அந்தச் சாத்தான்தான் அதன் சின்னம், செல்லப் பிள்ளை. அவன் நியூசிலாந்துக்கு வேலை கிடைத்துக் கிளம்பும்போது, பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நான்தான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

காரணம், நான் சிஸ்டம் அட்மின். தி.நகரில் ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தரும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக சர்வர்களைக் கட்டி மேய்க்கிறேன். எல்லாம் லினக்ஸ் என்கிற இன்னொரு இயங்குதளம். ஆடித் தள்ளுபடியில் ஜனங்கள் கடை வாசலில் நெருக்கியடிக்கும்போது, உள்ளே பில் மெஷின் ஒரு நிமிஷம் நின்றால் எனக்குத்தான் போன் வரும். நிற்க விட்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, ஏன் மறைக்கவேண்டும்?

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை இருக்கிறது. கணினியில் எதையும் செய்யவும் எதையும் அழிக்கவும் அதிகாரம் உள்ள எஜமான் கணக்குக்கு ரூட் என்று பெயர். அதன் பாஸ்வேர்டை நாங்கள் தட்டும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பலர் தானாகவே திரும்பிக்கொள்வார்கள். திரும்பாதவர்களிடம் நான் கேட்டு வாங்குவேன். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க சார்." ஒருமுறை எங்கள் முதலாளியே நாற்காலியோடு சுழன்று, நான் தட்டி முடிக்கும்வரை ஜன்னல் வழியாகப் பாண்டி பஜாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டு தட்டினேன். அந்தச் சுகமே தனி.

மச்சான் கிளம்பும் முன்னால் என்னிடம் சொன்னான்: "மாமா, இது லினக்ஸ் இல்ல. பாக்கறதுக்கு அப்படியே இருக்கும், நம்பிடாதீங்க. இதுக்குன்னு ஒரு கையேடு இருக்கு, ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. முதல்ல அதைப் படிச்சுட்டுக் கை வையுங்க."

"டேய் மச்சான், நீ அரை டிராயர் போட்டுட்டு லூஸ் மோகன் மாதிரி திரிஞ்சப்பவே நான் சர்வர் பாத்தவன்டா. எனக்குத் தெரியாதா?"

இந்த 'எனக்குத் தெரியாதா'வுக்கு எங்கள் வீட்டில் தேசிய கீதம் என்று பெயர். நான் அதைச் சொன்னால் என் மனைவி எழுந்து விறைப்பாக நின்று காட்டுவாள். அன்றும் நின்றாள். மச்சான் சிரித்தான். அந்த ஸ்டிக்கரில் இருக்கும் அதே சிரிப்பு.

படித்தேனா? படிக்கவில்லை. சமையல் தெரிந்தவன் எவனாவது பக்கத்து வீட்டு அடுப்பில் காபி போடப் புத்தகம் பார்ப்பானா? உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் தெரிந்த முகமாகத்தான் இருந்தது. ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை. நினைவகம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க லினக்ஸில் 'ஃப்ரீ' என்று தட்டுவோம். இங்கே தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது. பெயரிலேயே ஃப்ரீயை வைத்துக்கொண்டு ஃப்ரீ தெரியாதாம்! அடப்பாவி, என்ன கொழுப்பு! நான் எழுத்துகளைத் தப்பாகத் தட்டியதுபோல அதையே இன்னும் இரண்டு தடவை, கொஞ்சம் பலமாகத் தட்டினேன். பலமாகத் தட்டினால் கேட்கும் என்று எனக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

இப்படி நாங்கள் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே சில மாதங்கள் ஓட்டினோம். அதற்குள் என் மனைவியின் விஷயம் வந்தது.

அவள் பியானோ டீச்சர். சாந்தோமிலும் மயிலாப்பூரிலும் அவளிடம் விரல் பழகாத பிள்ளைகள் குறைவு. எத்தனையோ பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பியவள், தன்னுடைய டிப்ளமோ பரீட்சையை மட்டும் இருபது வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். முதல் தடவை பணம் கட்டிய பிறகு எங்கள் பிள்ளை வயிற்றில் வந்தது. அடுத்த தடவை அவள் அப்பா படுத்த படுக்கையானார். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். இந்த வருஷம் திடீரென்று, "இது ஒண்ணு மட்டும் எனக்காகச் செஞ்சுக்கறேன்," என்றாள்.

இப்போதெல்லாம் அந்தப் பரீட்சையை வீடியோவாக எடுத்து இணையத்தில் ஏற்றிவிடலாம். ஆனால் நடுவில் வெட்டாமல், முக்கால் மணி நேரமும் ஒரே மூச்சில் வாசிக்கவேண்டும். அடையாற்றில் ஒரு சிநேகிதியின் வீட்டில் பெரிய பியானோ இருக்கிறது. அவர்கள் வெளிநாடு கிளம்புவதற்கு முந்தின நாள், அங்கே போய் வாசித்தாள். நான் கேமராவுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றேன். இரண்டாவது பாட்டில் ஒரு இடத்தில் விரல் ஒரு கட்டை தள்ளி விழுந்தது. எனக்கே தெரிந்தது. அவள் முகம் மாறாமல் தாண்டிப் போய்விட்டாள். இரவல் வாங்கிய கேமராவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவள் லேப்டாப்பில் இடம் இல்லை. ஆக, அந்த வீடியோ உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. சாத்தான் பெட்டியில். வீட்டுக்குள் எங்கே உட்கார்ந்தும் வைஃபையில் அதைத் திறந்து பார்க்கலாம்.

ஏற்றுவதற்குக் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை, மாலை ஆறு மணி. அந்த ஒரு கட்டையை நினைத்து நினைத்து, அனுப்பலாமா வேண்டாமா என்று அவள் அந்தச் சனிக்கிழமை வரை இழுத்துவிட்டாள்.

அதே சனிக்கிழமை காலையில்தான் மச்சானிடமிருந்து செய்தி வந்தது. பெட்டிக்கு ஏதோ புதுப்பிப்பு போடவேண்டுமாம், கையேட்டில் பார்த்துப் போடச் சொன்னான். சரி, போட்டுவிடுவோம் என்று ரூட்டாக உள்ளே போனேன். போனவன் வேலையைப் பார்த்தேனா? முதலில் இடத்தை எனக்கு வசதியாக மாற்றிக்கொள்ள ஆரம்பித்தேன். புதுசாக வரும் எந்த மேனேஜரும் வேலையைத் தொடும் முன் மேஜையை வாஸ்துவுக்குத் திருப்பிப் போடுவதில்லையா, அந்த மாதிரி.

நாம் உள்ளே நுழைந்ததும், தட்டுவதை வாங்கிக்கொள்ள ஒரு நிரல் வந்து நிற்கும். அதற்கு ஷெல் என்று பெயர். எனக்குப் பழக்கமான ஷெல், பாஷ். இந்தப் பெட்டியில் ரூட்டுக்கு வேறு ஏதோ ஷெல் வைத்திருந்தான் மச்சான். அதை எடுத்துவிட்டு, பாஷ் என்று மாற்றி, அது குடியிருக்கும் முகவரியையும் தட்டினேன். லினக்ஸ் முகவரி. இருபத்தாறு வருஷமாக விரலில் ஊறிய முகவரி. ஆனால் ஃப்ரீபிஎஸ்டியில் பாஷ் வேறு இடத்தில் குடியிருக்கிறது. நம் ஊரில் கதவுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்குமே, அதில் நான் பழைய எண்ணைக் கொடுத்து ஆளை அனுப்பியிருக்கிறேன். அங்கே வீடே இல்லை.

பெட்டி என்னை எச்சரித்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 'எச்சரிக்கை' என்று ஆரம்பித்து ஒரு வரி வந்தது. எச்சரிக்கைகளை முழுசாகப் படிப்பது புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் பழக்கம். நான் கம்பீரமாக வெளியே வந்து, மறுபடி ரூட்டாக உள்ளே போகப் பார்த்தேன். அப்படி ஒரு இடமே இல்லை என்று வாசலோடு அனுப்பிவிட்டது. மறுபடி பார்த்தேன். மறுபடி வாசல். ஐயோ, எஜமானை வீட்டுக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது பெட்டி! தள்ளியவனும் நான்தான்.

ரூட் இல்லாத பெட்டி செத்த பெட்டி என்றுதான் எனக்குப் பட்டது. உள்ளே அவள் வாசிப்பு மாட்டிக்கொண்டது. மச்சானுக்குப் போன் செய்யலாம்தான். அதற்குப் பதில் கூவம் ஆற்றில் குதிக்கலாம் என்று தோன்றியது. யோசிப்பதற்கு வீட்டில் இருக்க முடியாமல், மீன் வாங்கி வருகிறேன் என்று பட்டினப்பாக்கத்துக்கு வண்டியை விட்டேன்.

மீன்காரம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னா சார், மீனையே மொறச்சிக்கினு நிக்கிறே? வாங்கிக்கினு போறியா, இல்ல அதுங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தியா?"

"எதும்மா நல்லா இருக்கு?"

"அல்லாம் நல்லாத்தான் கீது. உன் மூஞ்சிதான் சரியில்ல. வூட்ல சண்டையா?"

"இன்னும் ஆரம்பிக்கலை."

"அப்போ வஞ்சிரமா எட்த்துக்கோ. சங்கராலாம் பத்தாது."

எடுத்துக்கொண்டேன். வீட்டில் பையைத் திறந்த என் மனைவி, மீனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வஞ்சிரமா? என்ன தப்பு பண்ணீங்க?"

"ஆசையா வாங்கிட்டு வந்தா இப்படியா கேப்பே?"

சாப்பிடும்போது, "முடிவு பண்ணிட்டேங்க. அந்த ஒரு கட்டையோடயே அனுப்பிடறேன். நல்லா வாசிச்சதும் நான்தான், தப்பா வாசிச்சதும் நான்தான்," என்றாள். நான் வஞ்சிரத்தில் இல்லாத முள்ளைத் தேடினேன். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் அவள் குட்டித் தூக்கம் போடுவாள். அவள் எழுவதற்குள் பெட்டியை நிறுத்தி, திரும்பக் கிளப்பி, ரூட்டைச் சரி செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவள் அறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் பொறுத்து, ஹாலுக்கு வந்து பெட்டியின் பொத்தானை அமுக்கினேன். பெட்டி பெருமூச்சு விட்டு அடங்கியது.

"ஏங்க!"

அலறல். லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள். "ஃபேன் ஓடுது, வைஃபை இருக்கு, பெட்டியை மட்டும் காணோம்! பாதிக்கு மேல ஏறியிருந்துச்சு..." என்று ஆரம்பித்தவள், பொத்தான் மேலேயே இருந்த என் விரலைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தூங்கவே இல்லை. சாப்பிட்ட கையோடு ஏற்ற உட்கார்ந்துவிட்டாள்.

"இல்லம்மா, பெட்டி காலையிலேர்ந்து பூட்டிக்கிச்சு, அதான்..."

"பூட்டிக்கிச்சா? காலையிலேர்ந்து நான் அதுல வீடியோ பாத்துட்டுத்தானே இருக்கேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கணக்கு, அவள் வீடியோ, எல்லாம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நின்றது நான் ஒருவன்தான். எஜமான் இல்லாததை அங்கே யாரும் கவனிக்கக்கூட இல்லை.

"இருபது வருஷம் தள்ளி வச்சேங்க. புள்ளைக்காகத் தள்ளினேன், அப்பாவுக்காகத் தள்ளினேன். இப்ப உங்க விரலுக்காகவும் தள்ளணுமா?" அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் என்ன, புத்தி வந்ததா?

"முதல்ல ஆன் பண்ணுங்க. அது போதும்," என்றாள்.

"இரு, ஒரேயடியாச் சரி பண்ணிக் குடுத்துடறேன். எனக்குத் தெரியாதா?"

அவள் விறைப்பாக நின்று காட்டவில்லை. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஹால் டிவியைப் பெட்டியோடு இணைத்தேன். பழுது பார்ப்பதற்கென்று பெட்டியை ஒற்றை ஆளுக்கு மட்டும் திறக்கும் ஒரு முறை உண்டு, அதில் கிளப்பினேன். அந்த முறையில் வேறு யாருக்கும் பெட்டி பதில் சொல்லாது. நான் உள்ளே போய்விட்டேன். ஆனால் எதையும் மாற்ற விடவில்லை. எனக்குத் தெரிந்த லினக்ஸ் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். நாற்பத்து மூன்று அங்குலத் திரையில், மாதா பார்க்க, என் மனைவி பார்க்க, ஒவ்வொன்றாகத் தப்பு என்று வந்துகொண்டே இருந்தது. மணி நாலைத் தாண்டியது. என் மனைவி தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

அங்கே இரவு. எடுத்த எடுப்பிலேயே மச்சான் கேட்டான்: "அக்கா, மாமா ரூட்டுக்கு பாஷ் மாத்தினாரா?"

"எப்படிடா தெரியும்?"

"லினக்ஸ்காரங்க எல்லாரும் முதல் நாளே அதைத்தான் பண்ணுவாங்க. மாமா இத்தனை மாசம் தாங்கினதே பெருசு. மாமா, இருக்கீங்களா? முதல்ல 'எக்ஸிட்' அடிச்சு வெளிய வாங்க."

அடித்தேன். அவ்வளவுதான். பெட்டி வழக்கம்போல முழுசாக எழுந்து உட்கார்ந்தது. என் மனைவி லேப்டாப்பைத் திறந்து, முதலிலிருந்து ஏற்ற ஆரம்பித்தாள். மத்தியானம் அவள் சொன்னபடி ஆன் மட்டும் செய்திருந்தால் அப்போதே இது நடந்திருக்கும்.

"இப்ப 'டூர்'னு ஒருத்தர் இருக்காரு, அவராப் போங்க," என்றான் மச்சான். "ரூட்டைத் திருப்பிப் போட்ட பேரு. ரெண்டாவது எஜமான். முதல் எஜமான் ஷெல்லை மாத்தப் போயி வெளிய நிப்பான்னு தெரிஞ்சு அந்தக் காலத்துலயே வச்சிட்டாங்க. படிக்கச் சொன்னேனே மாமா."

"பாஸ்வேர்டு?"

"கிளம்புற அன்னிக்கே உங்களுக்குன்னு போட்டு வச்சேன். இங்கிலீஷ் எழுத்துல, சேத்து அடிங்க." போனில் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. "எனக்குத் தெரியாதா."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி, அப்படியே எழுந்து விறைப்பாக நின்றாள். நின்றவளுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். கதவு திறந்தது. ரூட்டுக்கு பாஷின் புதிய எண்ணைக் கொடுத்தேன்.

வீடியோ ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஏறாது என்று என் மனைவி பியானோவில் போய் உட்கார்ந்தாள். அந்த இரண்டாவது பாட்டை வாசித்தாள். அந்த இடம் வந்தது. விரல் சரியாக விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது லேப்டாப்பில் பச்சை அடையாளம் வந்தது. அவள் இரண்டு கையையும் கட்டைகள் மேல் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு போனை எடுத்துத் தம்பியிடம் நிதானமாகச் சொன்னாள்: "டேய், அந்த ரூட், டூர், ரெண்டு பாஸ்வேர்டையும் நானே மாத்திக்கறேன். எப்படின்னு சொல்லு. இனிமே இவர் எஜமானாக முடியாதபடி பண்றது எப்படின்னும் சொல்லு."

"கையேட்டுல இருக்குக்கா."

போனிலேயே திறந்து, முதலிலிருந்து படித்தாள். படித்துவிட்டுச் செய்தாள். எல்லாம் முதல் தட்டிலேயே நடந்தது. மறுநாள் ரகசியமாக நான் ரூட்டாக உள்ளே போகப் பார்த்தேன். பெட்டி ஒரே வார்த்தைதான் சொன்னது: ஸாரி.

சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தாள். அந்த ஒரு கட்டையைப் பற்றித் தேர்வாளர் ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டாவது பாட்டில் நிதானம் இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தார். அவள் அந்தக் காகிதத்தை நாலு தடவை படித்துவிட்டு, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வஞ்சிரம் வறுக்கப் போனாள். இந்த முறை வாங்கி வந்தது அவள்.

அந்தக் காகிதத்தைப் படம் பிடித்து, அவள் பாட்டுகளோடு பெட்டியில் பத்திரமாகப் போட்டு வைக்கலாம் என்று நான் உட்கார்ந்தேன். அனுமதி இல்லை என்றது.

"கொஞ்சம் வந்து பாஸ்வேர்டு போட்டுட்டுப் போம்மா," என்று குரல் கொடுத்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். தட்டவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க சார்," என்றாள்.

நான் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டு தட்டினாள்.